தீட்டும் மாசும்: திண்டுக்கல் சமவெளியில் ஒரு தண்ணீர் வரலாறு

(டிசம்பர் 6, அண்ணல் அம்பேத்கர் நினைவு நாள் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அண்ணலின் நினைவு நாளில் சுற்றுச்சூழல் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும், "அது வேற கூட்டத்துல பேசுறதுல்ல?" என்று ஒரு தோழர் கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. மரம் நடுகிறவர்கள், புலி எண்ணுகிறவர்கள், மலையேறுகிறவர்கள் பேசுவது என்றே சுற்றுச்சூழல் நமக்கு அறிமுகமாகியிருக்கிறது. ஆனால் அம்பேத்கரின் முதல் பெரும் போராட்டம் ஒரு நீர்நிலையில் நடந்தது. 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி, ஆயிரக்கணக்கான மக்களோடு அவர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அதன் பிறகு ஊரார் செய்தது என்ன? குளம் தீட்டாகிவிட்டது என்று 108 குடம் தண்ணீரை வெளியே எடுத்தார்கள். பால், தயிர், சாணம், கோமியம் கலந்து குளத்தில் ஊற்றி, சுத்தமாகிவிட்டது என்று அறிவித்தார்கள்.

இதை ஒரு வேதியியல் மாணவரிடம் சொல்லிப் பாருங்கள். மனிதக் கை பட்ட தண்ணீரில் எந்த மாற்றமும் இல்லை. சாணம் கரைத்த தண்ணீர்தான் குடிக்க ஆகாது. தீட்டு என்பது ஒன்று, மாசு என்பது வேறொன்று. தீட்டு சாதியின் கற்பனை. மாசு ஆய்வுக்கூடத்தில் அளக்கக்கூடிய உண்மை. பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது, அறிவியல் வந்துவிட்டால் தீட்டு போய்விடும் என்று நானும் நம்பினேன்.

எங்கள் திண்டுக்கல் தண்ணீரின் வரலாறு அவ்வளவு எளிமையாக இல்லை. இங்கே மாசு, தீட்டு வெட்டி வைத்த வாய்க்காலிலேயே ஓடியது. மாசை அளந்த அறிவியலோ அந்த வாய்க்காலை அளக்கவில்லை. இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

1. கமலையின் தோல்

மோட்டார் வருவதற்கு முன்னால் இந்தச் சமவெளியில் தோட்டக் கிணறுகள் எல்லாம் கமலையில்தான் இறைக்கப்பட்டன. மாடு பூட்டி, வடம் கட்டி, சாலைக் கிணற்றுக்குள் இறக்கி ஏற்றுவார்கள். சால் மேலே வந்ததும் தண்ணீரை வாய்க்காலுக்குள் விடுவது அடியில் தைத்திருக்கும் தும்பித்தோல். பல இடங்களில் முழுச் சாலுமே தோலால் ஆனது. அந்தத் தோலை உரித்தவர்கள், ஊறவைத்தவர்கள், தைத்தவர்கள் யார் என்பதை இந்த அவையில் விளக்கத் தேவையில்லை.

செத்த மாட்டைத் தூக்குவது ஊருக்குச் செய்யும் கடமை என்று நம் மேல் சுமத்தப்பட்டது. அதன் தோல் சாலாகி, தினமும் நூறு தடவை கிணற்றுக்குள் முங்கி எழுந்தது. அந்தத் தண்ணீர் நெல்லுக்கும் போனது, குடிக்கவும் போனது. தீட்டு இல்லை. அதே தோலைத் தைத்த கை அதே கிணற்றின் கயிற்றைத் தொட்டால் தீட்டு. கோட்பாடு என்ற முறையில் பார்த்தால் தீட்டுக்கு ஒழுங்கு கிடையாது. உழைப்பை எடுத்துக்கொண்டு உழைத்தவரை வெளியே நிறுத்தும் ஏற்பாடு என்று பார்த்தால் அதில் ஒரு பிசிறும் இல்லை. 1927இல் மகாத் மாநாட்டில் அம்பேத்கர், செத்த மாட்டைத் தூக்குவதையும் அதன் இறைச்சியை உண்பதையும் விட்டொழியுங்கள் என்று சொன்னார். தண்ணீரையும் தோலையும் அவர் ஒரே மேடையில் பேசியது தற்செயல் இல்லை. இரண்டும் ஒரே பூட்டின் இரண்டு சாவிகள்.

2. ரயிலும் பஞ்சமும் ஷாப்பும்

1875இல் திருச்சி–மதுரை ரயில் பாதை திண்டுக்கல் வழியாகத் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே தாது வருடப் பஞ்சம் தொடங்கி 1878 வரை நீடித்தது. மனிதர்கள் செத்தார்கள், மாடுகளும் செத்தன. சென்னை மாகாணத்திலிருந்து தோல் ஏற்றுமதி உயர்ந்த காலங்களில் பஞ்ச காலமும் ஒன்று. கிராமத்துக்குள் சாலாகவும் செருப்பாகவும் சுழன்றுகொண்டிருந்த தோல், லண்டன் சந்தைக்குப் போகும் சரக்கானது. பஞ்சத்தில் நிலமற்றவர்களாக நின்ற நம் மக்கள் தோலின் பின்னாலேயே நகரத்துக்கு வந்தார்கள்.

அரசு ஆவணம் 'தோல் பதனிடும் தொழிற்சாலை' என்று எழுதும். நாம் சொல்வது தோல் ஷாப். இந்துச் சாதியினர் தொட மறுத்த தோல் வணிகத்தை இஸ்லாமிய வணிகர்கள் பலர் ஏற்று நடத்தினார்கள். குழிக்குள் இறங்கியவர்களில் தலித்துகளும் இருந்தார்கள், ஏழை இஸ்லாமியர்களும் இருந்தார்கள். இந்த வரலாற்றை மதக் கணக்காகத் திருப்ப நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தோலைத் தொடுவதையே இழிவு என்று ஆக்கி வைத்தது சாதி. பேகம்பூரின் கூலிக்காரர் வீட்டுக் குழாயிலும் அதே உப்புத் தண்ணீர்தான் வந்தது.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதற்கு நமக்கு ஓர் இலக்கிய ஆவணம் இருக்கிறது. திண்டுக்கல்லில் வழக்கறிஞராக வாழ்ந்த தோழர் டி. செல்வராஜ் இந்த ஊரின் தோல் தொழிலாளர்களை வைத்து எழுதிய 'தோல்' நாவல் 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இங்குள்ள மாணவர்கள் அதை இலக்கியமாக மட்டும் படிக்காமல், சுற்றுச்சூழல் வரலாறாகவும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் அப்பாவும் ஷாப்பில் வேலை பார்த்தவர். உப்புத் தோலை அலசுவது, சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு மயிர் நீக்குவது, சவ்வை வழிப்பது, பிறகு ஆவாரம்பட்டைத் தண்ணீரிலும் கடுக்காய்த் தண்ணீரிலும் போடுவது என்று வரிசையாகச் சொல்வார். அவருடைய விரல் நகங்கள் ஒருபோதும் முழுதாக வளர்ந்ததில்லை. சுண்ணாம்பு தின்ற கால்விரல் இடுக்குகளில் அப்பத்தா தேங்காய் எண்ணெய் தடவிவிடுவது என் சின்ன வயதுச் சித்திரங்களில் ஒன்று. எந்தச் சுற்றுச்சூழல் அறிக்கையும் அந்தக் காலைச் சுற்றுச்சூழலின் பகுதியாகச் சேர்த்துக்கொண்டதில்லை. மாசு மண்ணில் இறங்குவதற்கு முன்னால் அது இறங்கிய முதல் இடம் அதுதான்.

3. பட்டையிலிருந்து குரோமுக்கு

தோல் பதனிட பட்டை வேண்டும். நம் காடுகரைகளில் தானாக வளரும் ஆவாரைதான் தென்னிந்தியத் தோலுக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்தது. தேவை பெருகியதும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை இறக்குமதியானது. சுதந்திரத்துக்குப் பிறகு, அதை இங்கேயே வளர்க்கலாம் என்று பழனி மலையின் உயரங்களில், கொடைக்கானலைச் சுற்றி, வாட்டில் மரங்களைப் பெருமளவில் நட்டார்கள். அங்கே இருந்த புல்வெளிகள் 'தரிசு' என்று எழுதப்பட்டன.

2018 தொடக்கத்தில் 'பிளாஸ் ஒன்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. செயற்கைக்கோள் படங்களை வைத்து, நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் உயர்நிலப் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிட்டது, மரத்தோட்டங்களும் விவசாயமும் அதை விழுங்கிவிட்டன என்று காட்டியது. வாட்டிலை வெட்டி எடுப்பதா, அதன் நிழலில் சோலை மரங்கள் முளைக்கும் இடங்களை விட்டுவைப்பதா என்று இன்று விஞ்ஞானிகளுக்குள்ளே விவாதம் நடக்கிறது. நல்ல விவாதம், நடக்கட்டும். ஆனால் ஒரு மரம் ஏன் அந்த மலைக்கு வந்தது என்று கேட்டால், பதில் மலையில் இல்லை. சமவெளியின் தோல் குழியில் இருக்கிறது. மேலே புல்லையும் கீழே கிணற்றையும் தின்றது ஒரே சரக்கு. மலையின் இழப்பை அளந்த அளவுக்கு நுணுக்கமாகக் கீழே குழியில் நின்றவர்களின் இழப்பை யாரும் அளக்கவில்லை.

பட்டையின் இடத்தைப் பிறகு குரோம் பிடித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னையில் குரோம் முறையைச் சோதித்தார். தண்ணீரில் ஊறினாலும் கெடாத அந்தத் தோலுக்கு அவர் கண்ட முக்கியமான பயன்களில் ஒன்று எது தெரியுமா? கிணற்றில் இறைக்கும் கமலைச் சால். குரோம் இந்த மண்ணுக்குக் கிணற்றின் நண்பனாகத்தான் அறிமுகமானது.

அது கிணற்றின் எதிரியாக மாறியது 1970களுக்குப் பிறகு. கச்சாத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் அனுப்பாமல், முழுமையாக முடித்த தோலை ஏற்றுமதி செய்து கூடுதல் அந்நியச் செலாவணி ஈட்ட வேண்டும் என்று சீத்தாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி ஒன்றிய அரசு கொள்கை வகுத்தது. அதே காலத்தில் மேற்கு நாடுகள் தங்கள் ஆறுகளைக் காக்கச் சட்டங்களை இறுக்கி, தோலின் ஈரமான, அழுக்கான கட்டங்களைத் தெற்கு நாடுகளுக்குத் தள்ளின. செருப்பு அங்கே போனது, கழிவு இங்கே தங்கியது. ஒரு கிராமத்துக்குள் ஊருக்கும் சேரிக்கும் இடையே இருந்த ஏற்பாடு, நாடுகளுக்கு இடையேயும் வந்துவிட்டது.

4. பாறைக்குள் போன உப்பு

குரோம் என்றதும் எல்லோருக்கும் புற்றுநோய்தான் நினைவுக்கு வரும். பதனிடப் பயன்படுவது மூன்றிணைய குரோமியம். புற்றுநோய் உண்டாக்குவது ஆறிணைய குரோமியம். சில சூழல்களில் முன்னது பின்னதாக மாறக்கூடும். எனவே அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் நம் கிணறுகளைக் கொன்றதில் பெரும்பங்கு சாதாரண உப்புக்கு. தோல் கெடாமலிருக்க அதன் மேல் அப்பிய உப்பு, அலசும்போது அப்படியே தண்ணீரில் போகிறது. குரோமியத்தைச் சேறாகப் படியவைத்துப் பிரித்துவிடலாம். கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பால் பிரிக்க முடியாது.

இந்தச் சமவெளியின் அடியில் இருப்பது கடினப் பாறை. மணல்படுகை போல நீர் பரந்து ஓடாது. மேலே சிதைந்த பாறையிலும் கீழே வெடிப்புகளிலும் மட்டுமே தண்ணீர். மழை குறைவு. உள்ளே போன உப்பு சீக்கிரம் வெளியே வராது.

ஐதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் குடகனாற்றின் மேல் படுகையில் சுமார் 240 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆய்வு செய்து, 2005 முதல் கட்டுரைகள் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 80 தோல் தொழிற்சாலைகளின் கழிவு அந்தப் படுகையில் விடப்பட்டதைப் பதிவு செய்தார்கள். கரைந்த திடப்பொருளின் அளவு சில இடங்களில் லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் தொடங்கி 30,000ஐத் தாண்டியும் இருந்தது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு 500. வேறு வழியே இல்லையென்றால் 2,000. கடல்நீரில் இருப்பது சுமார் 35,000. கடலே இல்லாத திண்டுக்கல்லில் கிணற்றுக்குள் கடல் இருந்தது.

அவர்கள் கணினியில் ஒரு நிலத்தடி நீர் மாதிரியும் உருவாக்கினார்கள். கழிவை இன்றே பாதியாகக் குறைத்தாலும், இருபது ஆண்டுகள் கழித்தும் நிலத்தடி உப்பு இப்போதைய அளவில் பாதிக்குக் கீழே இறங்காது என்பது அதன் முடிவு. நண்பர்களே, இந்த முடிவை நம் வீட்டுச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். அநீதியை நிறுத்துவதும் அநீதியின் விளைவை நீக்குவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல அறிவியல் சான்று கிடையாது. 'தீண்டாமை 1950லேயே ஒழிக்கப்பட்டுவிட்டதே' என்று கேட்பவர்களிடம் இந்தக் கட்டுரையைக் காட்டுங்கள்.

5. 467 கிணறுகள், ஒரு கேள்வி

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தோல் கழிவுக்கு எதிராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எந்த மாணவரும் இதைத் தாண்டிப் போக முடியாது.

அந்தத் தீர்ப்புக்குள் நம் ஊர் இருக்கிறது. பீஸ் மெம்பர்ஸ் என்ற தன்னார்வ அமைப்பு திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் எடுத்த கணக்கை நீதிமன்றம் மேற்கோள் காட்டுகிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காக மைல் கணக்கில் நடக்கிறார்கள். தோல் தொழிலில் சுமார் 170 வகை ரசாயனங்கள் பயன்படுகின்றன, ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்ற விவரங்களும் அதில் உண்டு. தீர்ப்பின் அச்சில் ரெட்டியார்சத்திரம் 'பெட்டியார் சத்திரம்' என்று விழுந்திருக்கிறது. டெல்லிக்குப் போய்ச் சேர்வதற்குள் நம் ஊர்ப் பெயருக்கே அந்தக் கதி.

அபராதம் விதிக்கப்பட்ட மாவட்டங்களின் அன்றைய பெயர்களையும் கேளுங்கள்: வட ஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, செங்கை எம்.ஜி.ஆர்., திருச்சி. தலைவர்களின் பெயர்கள் பலகையில் இருந்தன, உப்பு கிணற்றில் இருந்தது. அடுத்த ஆண்டு, 1997இல், சாதி மோதல்களைக் காரணம் காட்டிப் பலகையிலிருந்து பெயர்களை எடுத்துவிட்டார்கள். உப்பை எடுக்கவில்லை.

இனி என் கேள்வி. கெட்டுப்போன அந்த 350 கிணறுகள் யாருடையவை? ஊர்க் கிணறுகள் எத்தனை, காலனிக் கிணறுகள் எத்தனை? முதலில் கெட்டது எது? மைல் கணக்கில் நடந்த பெண்கள் யார்? நடந்து போய்ச் சேர்ந்த கிணற்றில் அவர்களே இறைத்துக்கொள்ள முடிந்ததா, யாராவது ஊற்றும்வரை நின்றார்களா? அன்று 467 கிணறுகளையும் தேடிப் போய்ப் பார்த்தவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். தீர்ப்பில் இடம்பெற்ற கணக்கில் சாதிக்கு ஒரு பத்தி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பின்னால் வந்த நீரியல் ஆய்வுகள் சரிவை அளந்தன, பாறையை அளந்தன, உப்பை அளந்தன. அந்தச் சரிவின் கீழ்முனையில் யாரைக் குடிவைத்திருக்கிறார்கள் என்று கேட்கவில்லை.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். திண்டுக்கல்லுக்கு வெளியே, தாழ்ந்த நிலத்தில் எங்கள் காலனி. மேட்டில் ஊர். 1980களில் எங்கள் கிணறு முதலில் சப்பென்றானது, பிறகு கரித்தது, பிறகு வேட்டியை அலசினால் மஞ்சள் பிடித்தது. ஊர்க் கிணறு அதற்குப் பல ஆண்டுகள் பின்னால்தான் கெட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அம்மாவும் அப்பத்தாவும் ஊர்க் கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். மனம் வந்தவர்கள் ஊற்றினார்கள். பள்ளிக்கூடத்தில் 'சாக்கடை' பாடம் படித்த நான் ஒருநாள் கேட்டேன், "அப்பத்தா, சாக்கடைக்குச் சாதி தெரியுமா?" அவர் சொன்னார், "சாக்கடைக்குத் தெரியாதுடா. வெட்டுனவனுக்குத் தெரியும்."

சமூகவியலில் முதுகலைப் பட்டம் வாங்கிய பிறகும் இதைவிடத் துல்லியமான வாக்கியத்தை நான் எழுதியதில்லை. மாசைக் காலனிக்கு அனுப்ப வேண்டும் என்று யாரும் சதி செய்யத் தேவையில்லை. நம்மைப் பள்ளத்தில் குடிவைத்த சாதி அந்த வேலையை எப்போதோ முடித்துவிட்டது. மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொண்டது.

ஈட்டிலும் இதே கதைதான். சூழலை மீட்கும் செலவு, பாதிக்கப்பட்டவருக்கான ஈடு என்று இரண்டு தலைப்புகளில் கணக்கிடச் சொல்லி ஓர் ஆணையத்தை அமைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. நிலம் கெட்டது என்று நிரூபிக்கப் பட்டா வேண்டும். நிலம் கெட்டதால் களையெடுப்பும் அறுப்பும் போன கூலிக்காரர் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? 1892இல் திரெமென்கீர் அறிக்கையின் விளைவாக நமக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் நம் கையில் இருந்திருந்தால், பாதிக்கப்பட்ட விவசாயி என்ற பட்டியலிலாவது நம் பெயர் கூடுதலாக இருந்திருக்கும்.

6. எந்த மனிதன்?

இப்போது உலக விவாதத்துக்கு வருவோம். மனிதச் செயல் பூமியையே மாற்றிவிட்டது, எனவே புதிய புவியியல் காலம் தொடங்கிவிட்டது என்று சொல்லி, அதற்கு 'ஆந்த்ரோபோசீன்', அதாவது மானுட யுகம் என்று பெயரிடும் யோசனையை 2000இல் பால் குருட்சன் போன்ற விஞ்ஞானிகள் முன்வைத்தார்கள். பல ஆண்டு ஆய்வுக்குப் பிறகு, 2024 மார்ச்சில் புவியியலாளர்களின் உரிய குழு வாக்கெடுப்பில் அதை அதிகாரபூர்வமான காலப்பிரிவாக ஏற்க மறுத்தது. பாறை அடுக்கில் தொடக்கப் புள்ளியை எங்கே வைப்பது என்பது அவர்களின் சிக்கல்.

சமூக அறிவியலாளர்கள் வேறொரு சிக்கலை எழுப்பினார்கள். 'மனிதன் பூமியைக் கெடுத்தான்' என்றால் எந்த மனிதன்? கெடுத்தது மூலதனம், எனவே இது மூலதன யுகம் என்று ஜேசன் மூர், ஆந்த்ரேயாஸ் மால்ம் போன்றவர்கள் வாதிட்டார்கள். இந்தியாவில் முகுல் சர்மா 2017இல் வெளியான 'சாதியும் இயற்கையும்' என்ற ஆங்கில நூலில், நம் நாட்டுச் சுற்றுச்சூழல் சிந்தனை சாதியைப் பார்க்காமலேயே நடந்து வந்திருக்கிறது என்று விரிவாகக் காட்டினார். திண்டுக்கல் கிணற்றில் நின்று பார்த்தால் இந்த விவாதம் நமக்குப் புதிதல்ல. 'மனிதன்' என்று பொதுவாகச் சொல்லும்போது, ஷாப் முதலாளியும், பெர்லினில் செருப்பு வாங்கியவரும், சுண்ணாம்புக் குழியில் நின்ற என் அப்பாவும் ஒரே குற்றப்பத்திரிகையில் வந்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவின் கறுப்பின மக்கள் இந்தக் கேள்வியோடு நிற்கவில்லை. 1982இல் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில் தங்கள் பகுதியில் நச்சு மண்ணைக் கொட்டுவதை எதிர்த்துப் போராடினார்கள். 1987இல் ஐக்கிய கிறிஸ்து திருச்சபையின் இன நீதி ஆணையம், நாடு முழுவதும் நச்சுக் கழிவு இடங்களையும் அவற்றைச் சுற்றி வாழ்பவர்களையும் ஒப்பிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. கழிவு எங்கே கொட்டப்படுகிறது என்பதைத் தீர்மானிக்கும் காரணிகளில் இனமே முதன்மையானது என்று அது எண்களால் காட்டியது. புலம்பலாகத் தள்ளப்பட்ட ஒன்று, அந்தக் கணக்குக்குப் பிறகு சுற்றுச்சூழல் நீதி என்ற ஆய்வுத்துறையாக வளர்ந்தது.

7. கசப்பான இரண்டு விஷயங்கள்

நமக்குள்ளே பேச வேண்டியவை இரண்டு. ஒன்று, வேலை. தீர்ப்புக்குப் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது, பல ஷாப்கள் மூடப்பட்டன. தண்ணீருக்காகப் போராடிய தெருவும் கூலியை இழந்த தெருவும் சில இடங்களில் ஒன்றே. எங்கள் வீட்டிலேயே சண்டை நடந்தது. அம்மா கிணற்றின் பக்கம், அப்பா ஷாப்பின் பக்கம். 'சூழலா, வேலையா' என்று நம்மைத் தேர்வு செய்யச் சொன்னவர்கள் யாரும் உப்புத் தண்ணீர் குடித்ததும் இல்லை, குழியில் நின்றதும் இல்லை. மாசுபடுத்துபவர் ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டில் தொழிலாளியின் இழந்த கூலியும் கெட்ட உடம்பும் சேர வேண்டும் என்பதே நம் நிலைப்பாடாக இருக்க முடியும்.

இரண்டு, சுத்திகரிப்பு என்ற சொல். சுத்திகரிப்பு நிலையமும் யாரோ ஒருவர் இறங்கும் குழிதான். 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். சுற்றுச்சூழலைக் காக்கக் கட்டிய தொட்டி அது.

அறிவியலைக் குறைசொல்லிக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது யாருடைய கேள்வியோடு புறப்படுகிறது என்பதைப் பார்க்கச் சொல்கிறேன். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. தீட்டும் மாசும் ஒரே தொட்டியில் ஒன்றான நாள் அது. விசாரணைக்கு டி.என்.ஏ. அறிவியல் வந்தபோது, அந்தத் தண்ணீரைக் குடித்த மக்களிடமும் ரத்தம் கேட்டார்கள். கருவி நவீனமானது, சந்தேகம் விழுந்த திசை பழையது.

8. நாம் எடுக்க வேண்டிய கணக்கு

இந்த அவையில் மாணவர்கள் நிறையப் பேர் இருப்பதால் ஒரு வேலையை முன்வைத்து முடிக்கிறேன். அன்று கணக்கெடுத்த 13 கிராமங்களுக்கும் மீண்டும் போவோம். ஒவ்வொரு கிணற்றுக்கும், ஆழ்துளைக்கும், மேல்நிலைத் தொட்டிக்கும் ஒரு தாள். அது எந்தத் தெருவில் இருக்கிறது, யார் இறைக்கலாம், யார் இறைக்க முடியாது, மேடா பள்ளமா, எந்த ஆண்டு சுவை மாறியது, இன்று உப்பு எவ்வளவு. கடைசியானதை அளக்கச் சின்னக் கைக்கருவி போதும். சுவை மாறிய ஆண்டைச் சொல்ல நம் அம்மாக்களும் அப்பத்தாக்களும் வேண்டும். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே போக வேண்டும். எங்கள் அப்பத்தா இப்போது இல்லை. எங்கள் கிணறு கெட்ட ஆண்டு 1983ஆ 1984ஆ என்று கேட்க எனக்கு ஆள் இல்லை.

காலனிக் கிணறுகள்தான் முதலில் கெட்டன என்று நான் நம்புகிறேன். நான் பார்த்தது ஓர் ஊரை மட்டுமே. நம் கணக்கு நான் நினைப்பதற்கு மாறாக வந்தாலும் அதை அப்படியே அச்சிட வேண்டும். அம்பேத்கர் உணர்ச்சியால் மட்டும் பேசியவர் அல்லர். புள்ளிவிவரத்தோடும் ஆவணத்தோடும் வந்து நின்றவர். சவுதார் குளத்தின் வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வெற்றியாக முடிந்தது 1937இல். ஒரு கை தண்ணீருக்குப் பத்து ஆண்டுகள் ஆதாரங்களோடு காத்திருக்க அவருக்குத் தெரிந்திருந்தது.

பாறைக்குள் போன உப்பு வெளியேற இருபது ஆண்டுகள் போதாது என்று அறிவியல் சொல்லிவிட்டது. அது எந்தத் தெருவில் முதலில் இறங்கியது என்று எழுதி வைக்க நமக்கு ஓர் ஆண்டு போதும். அடுத்த டிசம்பர் 6 அன்று இந்த மேடையில் பேச்சாளர் வேண்டாம். அந்தக் கணக்கைப் படிப்போம்.

ஜெய்பீம்.